நாய்க்கு வாங்கிய கோழி

அக்கா, அந்த நாய்க்காக வாங்கிய கோழியை நீங்கள்தான் வீட்டுக்கு எடுத்துப்போனீர்கள். மூன்று மாதம், ஏறக்குறைய எல்லா நாளும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால், படித்துவிட்டு முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான்.

இன்று காலை, நீங்கள் வெள்ளையன் என்று கூப்பிட்ட அந்த நாயின் கோப்பு என் மேசைக்கு வந்தது. வருடாந்திரப் பரிசோதனைக்கு நீங்கள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அவனைக் கூட்டிவருகிற நாள் என்று வரவேற்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அட்டையைத் தொட்டதும் விரல் ஒட்டியது. அப்போது அவனுக்குக் கொடுத்த லாக்டுலோஸ் சிரப் சிந்திய இடம் இன்னும் காயவில்லை போலப் பிசுபிசுத்தது. அந்தத் திகட்டும் இனிப்பு வாசனை கூட அப்படியே இருந்தது. ஓர் எறும்பு அதில் சிக்கிச் செத்திருந்தது.

உள்ளே முதல் பக்கத்தில் என் கையெழுத்து. உணவு என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: எலும்பில்லாத கோழி, வேகவைத்த முட்டை, தினம் இரண்டு வேளை, உரிமையாளர் கூறியது. அதன் மேல் ஒரு கோடு. கீழே வேறு நிற மையில்: தயிர்சாதம், வேலை செய்யும் பெண் கூறியது. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்கிறது. முதல் நாளே உங்களைக் கேட்டிருந்தால் அந்த வாரம் தேவைப்பட்டிருக்காது.

முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் அறையில் இரண்டு நாற்காலிகள். மேம்சாப்பும் அவர் கணவரும் உட்கார்ந்தார்கள். நாயை மார்போடு அணைத்துக்கொண்டு நீங்கள் கதவோரம் நின்றீர்கள். டெல்லியில் எந்த நாய் டாக்டரிடம் போனாலும் இதுதான் ஏற்பாடு. நாயின் பெயரைச் சொல்பவர் உட்காருவார், நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர் நிற்பார். மூன்றாவது நாற்காலி போடலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை.

மேம்சாப் ஆங்கிலத்தில் விவரித்தார். மோமோவுக்கு எட்டு மாதம், மால்டீஸ் ஜாதி. வளரவே இல்லை. சில நாள் குடித்தவன் போல வட்டமாகச் சுற்றுகிறான். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறான். ஒரு தடவை வலிப்பு வந்தது. சாப்பாட்டில் குறை வைப்பதே இல்லை, நல்ல புரதம், உப்பு சேர்ப்பதில்லை. பிறகு குரலைக் குறைக்காமலே, "இவங்க எதையாவது கொடுத்துடறாங்களோன்னு சந்தேகமா இருக்கு" என்றார். இவங்க என்றது உங்களை. நீங்கள் இரண்டடி தூரத்தில் நின்றீர்கள். நான் அதையும் எழுதிக்கொண்டேன். சமூக நீதி பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் வாதாடுகிறவள், உட்கார்ந்திருப்பவர் சொன்னதை மட்டும் எழுதினேன்.

ரத்தம் எடுக்கும்போது அவன் நடுங்கினான். நீங்கள் அவன் காதில், "ஒண்ணுல்லடா வெள்ளையா, எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்" என்றீர்கள். நான் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"எந்த ஊருக்கா?"

"கள்ளக்குறிச்சி பக்கம். நீ?"

"நாமக்கல்."

"அட, முட்ட ஊரு" என்றீர்கள்.

என்ன பேசுகிறோம் என்று மேம்சாப் கேட்டார். இருவரும் ஒரே மாநிலம் என்றேன். "ஓ, நைஸ்" என்றார்.

அடுத்த வாரம் வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுக்கவேண்டியிருந்தது. கல்லீரல் வேலை செய்கிறதா என்பது அந்த இரண்டு அளவுகளையும் வைத்துத்தான் தெரியும். டிரைவர் உங்களையும் நாயையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். முதல் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, விதிப்படி டப்பா இறைச்சி இரண்டு ஸ்பூன் எடுத்துவந்தேன். நீங்கள் தட்டைக் கையால் மறைத்தீர்கள்.

"கறியா? வேணாம்."

"டெஸ்டுக்கு வேணும்க்கா."

"குடு, குடு. ரெண்டு மணி நேரத்துல சுத்த ஆரம்பிப்பான். அப்புறம் நீயே பாரு."

இரண்டு மணி நேரம் முழுதாக ஆகவில்லை. எக்ஸ்ரே அறைக்கு முன்னால் இருந்த வழுவழுப்பான தரையில் அவன் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினான். பிறகு எடைபோடும் மேடையின் ஓரத்தில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றான். நீங்கள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதுகில் கைவைத்தபடி என்னைப் பார்த்தீர்கள். "சொன்னன்ல" என்று வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னீர்கள். மேம்சாப் ஒரு கல்யாணத்துக்காக ஜெய்ப்பூர் போனபோது நாலு நாள் கோழி வரவில்லை. உங்கள் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை அவனுக்கு வைத்தீர்கள். நாலு நாளும் அவன் சுற்றவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர்கள் திரும்பிவந்து கோழி கொடுத்த அன்று மாலை மறுபடி சுவரில் முட்டினான். "சரி, ஒரு தடவதான் இப்பிடியோன்னு ரெண்டு மூணு தடவ மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தன். கறி குடுத்தா சுத்துறான், சோறு குடுத்தா வெளயாடறான். மூணு மாசமா சோறுதான் வெக்கறன், அவுங்க கையால கறி ஊட்டற அன்னிக்கிதான் சுத்துறான்."

"மேம்சாப் கிட்ட சொல்லலியா?"

"சொன்னன் ஒரு தடவ. 'தும் டாக்டர் ஹோ க்யா?'ன்னு கேட்டாங்க." நீ என்ன டாக்டரா என்ற அந்தக் கேள்வியை நீங்கள் மேம்சாப்பின் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள், புருவத்தைத் தூக்கி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் செய்த அந்தச் சோதனைக்கு நான் படித்த கல்லூரியில் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மாற்றிக் கொடுத்து, கவனித்து, மறுபடி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது. நாங்கள் அதை வகுப்பில் உட்கார்ந்து எழுதிப் படித்தோம். நீங்கள் ஒரு பங்களாவின் சமையலறையில் நின்றபடி செய்தீர்கள்.

ரத்தப் பரிசோதனையின் முடிவு மோசமாக வந்தது. குருகிராமில் ஸ்கேன் எடுத்ததில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேம்சாப்புக்குப் படம் காட்டி ஆங்கிலத்தில் விளக்குவதற்கு முன்னால், வராந்தாவில் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். குடலிலிருந்து வருகிற ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகி, அதன் பிறகுதான் இதயத்துக்குப் போகவேண்டும். இவனுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. ரத்தம் கல்லீரலுக்குள் நுழையாமலே அந்த வழியாகப் போய்விடுகிறது. கறியிலிருந்து உண்டாகும் கழிவு நேராக மூளைக்கு ஏறுகிறது.

"ஓகோ" என்றீர்கள். "பார்டர்ல டோல் கட்டாம சந்துல பூர்ற லாரி மாரி."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு இந்த நோயை விளக்கியிருக்கிறேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

இனி என் தவறு. ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்து எங்கள் சீனியர் சர்ஜன் பேசி முடித்தபோது மேம்சாப் அழுதுவிட்டார். "நான் அவனுக்கு எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தேன். தினமும் ஃப்ரெஷ் சிக்கன். அதுதான் அவனைக் கொல்லுதா?" என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. உங்களுக்குரிய பாராட்டை அந்த அறையில் எல்லார் முன்னாலும் வாங்கித் தந்துவிடவேண்டும் என்ற வேகம்.

"கவலைப்படாதீங்க மேம். நல்லவேளையா அவன் அதை அதிகமாச் சாப்பிடவே இல்ல. இந்த அக்கா மூணு மாசமா தயிர்சாதம்தான் கொடுத்திருக்காங்க. இவன் இன்னிக்கு உயிரோட இருக்கான்னா அதுக்கு இவங்கதான் காரணம்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். உங்கள் பக்கம் கையைக்கூட நீட்டினேன்.

மேம்சாப் கண்ணைத் துடைத்தார். உங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ சிக்கனை யார் சாப்பிட்டாங்க?"

அதை அவர் கோபமாகக் கேட்கவில்லை அக்கா. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். அதில் சிக்கன் என்ற சொல் உங்களுக்குப் புரிந்தது. அதற்கு முன் நான் சொன்ன கர்ட் ரைஸும் புரிந்திருக்கும். நாய் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் அவனை இறக்கிவிடவில்லை, அணைப்பை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பிடித்தீர்கள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள்.

இதைச் சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேவை இருக்காது என்று நினைத்திருப்பீர்கள். தமிழ் பேசுகிறாள், முட்டை ஊர்க்காரி, இதுகூடத் தெரியாமலா இருப்பாள் என்று நம்பியிருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, நாய் தின்னாத கோழி எங்கே போகும் என்ற கேள்வியே வரவில்லை. அவருக்கு முதல் கேள்வியாக அது வந்தது.

மறுநாள் உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதோடு முடிந்திருந்தால் நீங்கள் வேறு வீடு பார்த்திருப்பீர்கள். அந்தக் காலனியிலேயே உங்களுக்கு இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. ஆனால் மேம்சாப் காலனியின் குடியிருப்போர் சொசைட்டிக்குப் புகார் எழுதினார். சொசைட்டிக்காரர்கள் கேட்டில் வருகிறவர்களைச் சரிபார்க்கிற செயலியில் உங்கள் படத்தின் கீழே ஒரு வார்த்தையைப் போட்டார்கள். கேட் பாஸைப் பிடுங்கினார்கள். நாலு வீடும் ஒரே காலையில் போயின.

அறுவை சிகிச்சை நாலு வாரம் கழித்து நடந்தது. அதுவரை சிரப்பும் மருந்தும் கொடுத்து அவனைத் தேற்றினோம். நான் உதவிக்கு நின்றேன். வயிற்றைத் திறந்து குடலை ஈரத் துணியில் ஒதுக்கியபோது கல்லீரல் தெரிந்தது. இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. ரத்தம் வராத கல்லீரல் எப்படி வளரும். அந்தக் குறுக்குக் குழாய் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுக்கு அகலமாக, தெனாவெட்டாக ஓடிப்போய்ப் பெரிய ரத்தக்குழாயில் சேர்ந்தது. சேருகிற இடத்தில் ரத்தம் சுழல்வது கண்ணுக்கே தெரிந்தது. சர்ஜன் சார் அதை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, "குடலைப் பார்" என்றார். இளஞ்சிவப்பாக இருந்த குடல் கருநீலமாக மாறத் தொடங்கியது. கையை எடுத்துவிட்டார். அத்தனை நாள் குறுக்கு வழியில் போன ரத்தத்தை ஒரேயடியாக மறித்தால், அந்தச் சிறிய கல்லீரல் அதைத் தாங்காது. ரத்தம் குடலிலேயே தேங்கி நாய் செத்துப்போகும்.

அதற்காக ஒரு வளையம் இருக்கிறது. வெளியே எஃகு உறை. உள்ளே பாலிலிருந்து எடுத்த புரதத்தை அழுத்திக் கெட்டியாக்கிச் செய்தது. அதைக் குழாயைச் சுற்றி மாட்டிவிட்டால், உடம்பின் ஈரத்தை உறிஞ்சி உள்பக்கமாக உப்பிக்கொண்டே வரும். சில வாரங்களில் குழாய் மெல்ல அடைபடும். அதற்குள் ரத்தம் கல்லீரல் வழியாகப் போகப் பழகிக்கொள்ளும். அதை மாட்டி முடித்ததும் சார், "டீ சொல்லுங்க" என்றார்.

வெளியே மேம்சாப் மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபம். அப்படி எழுத முடியவில்லை. அந்த நாயை அவர் உயிராக நேசித்தார். வீட்டில் வேலை செய்கிற பெண்ணை ஒரு ஆளாக நினைக்கப் பழகவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒரே மனதில் சண்டை போடாமல் இருக்கும் என்பதை இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன்.

வெள்ளையன் ஆபரேஷனைத் தாங்கினான். ஆனால் சாப்பிடவில்லை. இரண்டு கிலோகூட இல்லாத நாய், இரண்டு நாள் வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும், வலிப்பு வரும். மேம்சாப் தரையில் உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தார். புதிதாக வந்த பெண் பார்த்தாள். நான் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். உங்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

"இன்னா டாக்டரு. அடுத்து யாரு வேலைக்கு வேட்டு வெக்கப் போற?"

"அக்கா, வெள்ளையன் சாப்பிட மாட்டேங்கறான்."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஆப்பரேசன் ஆயிடிச்சா?"

"முந்தாநாள்."

"மேம்சாப் இருக்காங்களா?"

"மத்தியானம் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"புளிச்ச தயிரு அவன் தொட மாட்டான். புதுசா வாங்கி வெய்யி. சோறு நான் கொழைய வடிச்சு எடுத்தாரன்."

ஒரு மணிக்குப் பக்கவாசல் வழியாக வந்தீர்கள். கூண்டுக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினீர்கள். கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்புக்குள் அவன் காது அசைந்தது. பிறகு வால் தரையில் தட்டியது. விரலில் எடுத்துத் தந்த தயிர்சாதத்தை நக்கினான். இரண்டாவது விரல். மூன்றாவது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அழுவாத, தயிர எடு" என்றீர்கள்.

உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டீர்கள். வளையத்தைப் பற்றிச் சொன்னேன். பாலில் இருந்து செய்தது என்றதும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள்.

"தயிரையா உள்ள வெச்சுத் தச்சிருக்கீங்க? இதத்தான்டி நான் வெளிய இருந்து குடுத்தன்."

அவன் தட்டை முடித்த பிறகு நானாகவே ஆரம்பித்தேன். "நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"நீ இன்னா பொய்யா சொன்ன?"

"இல்ல."

"பின்ன இன்னா." அவன் வாயைத் துணியால் துடைத்துவிட்டீர்கள். "ஆனா ஒண்ணு. அவுங்க ஒன்னக் கேக்கவே இல்ல. நீயாதான் சொன்ன. எனக்கு நல்லது பண்றன்னு நெனச்சுக்கினு சொன்ன பாரு, அத நெனச்சாதான் சிரிப்பு வருது." ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கோழியைப் பற்றிச் சொன்னீர்கள். "எடுத்தன்தான். மொத நாளு குப்பையிலதான் போட்டன். ரெண்டாம் நாளு கை வரல. எலும்பே இல்லாத கறி. எம் பொண்ணு அதுக்கு முன்ன அப்பிடித் தின்னதே இல்ல. இன்னாம்மா இது, பன்னீரு மாரி இருக்குதுன்னு கேட்டுச்சு."

மூன்று நாள் வந்தீர்கள். நாலாம் நாள் அவன் மற்றவர்கள் கையிலும் தின்ன ஆரம்பித்தான். வரவேண்டாம் என்று உங்களிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை சரியாக வந்தது. மேம்சாப் லட்டு டப்பா கொண்டுவந்தார். சாரோடும் நாயோடும் படம் எடுத்தார்கள். அது இப்போது வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நானும் ஓரத்தில் நிற்கிறேன், சிரித்துக்கொண்டு. பக்கவாசலில் நீங்கள் வந்ததை அன்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். தேவையில்லாத இடத்தில் உண்மையைச் சொன்னேன், தேவையான இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் என்னோடு பேசியது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கரோல் பாக்கில் வேறு வீடுகள் கிடைத்தன. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஞாயிறுகளில் ஆர்.கே.புரத்துக்கு வருவீர்கள். முட்டிவலி என்று மலை மந்திர் முருகன் கோயில் படியேற மாட்டீர்கள். கீழே சுவரோரம் உட்கார்ந்து, மேலே போய்வருகிற எனக்காகக் காத்திருப்பீர்கள். "எனக்கும் சேத்து வேண்டிக்கினியா? கம்மியா வேண்டியிருப்ப" என்பீர்கள். நான் சொசைட்டியைத் திட்டுவேன், அரசாங்கத்தைத் திட்டுவேன், போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தைத் திட்டுவேன். நீங்கள் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே கேட்பீர்கள். "இவ்ளோ கோவத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற? ஊறுகா போடப் போறியா?" கேட்டுக்குப் போய் நியாயம் கேட்கலாம், நான் கூட வருகிறேன் என்று பலமுறை கூப்பிட்டேன். "உடு. அந்தப் பக்கம் போற பஸ்ஸுலகூட நான் ஏறறதில்ல" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். உங்கள் பெயரைத் துடைக்கும் வேலையை உங்கள் விருப்பம் என்று ஒதுக்கிவைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

போன மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியாது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் தெருக்கோடி கிளினிக்கில் டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மகளிடம் சொன்னீர்களாம். டெங்கு சனிக்கிழமையே முடித்துவிட்டது. எத்தனை நாய்களுக்கு டிரிப் போட்டிருக்கிறேன் அக்கா. உங்கள் நாடியை ஒரு தடவைகூடப் பிடித்துப் பார்த்ததில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம்தான். யார் வந்தாலும் நின்றுகொண்டிருப்பவரிடம் முதல் கேள்வி கேட்கிறேன். டிரைவரிடம், தோட்டக்காரரிடம், நாயைத் தூக்கிவந்த பெண்ணிடம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. போன வாரம்கூட ஒருவர், "டாக்டர், நாய் என்னுடையது" என்று நினைவூட்டினார். "தெரியும் சார். யார் கையில சாப்பிடுதுன்னு கேக்கறேன்" என்றேன். கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் தமிழிலோ இந்தியிலோ தனியாகச் சொன்னதை ஆங்கிலத்தில் யாரிடமும் திருப்பிச் சொல்வதில்லை. அதைக் கற்க ஆன செலவு உங்களுடையது.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது, கெட்ட சேதியும் அதிலேயே இருக்கிறது. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். சித்தி வீட்டில் இருக்கிறாள். கல்லூரியில் அஞ்சல்வழி சேர்ந்துவிட்டு, பகலில் மழலையர் பள்ளி ஒன்றில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளி எந்தக் காலனிக்குள் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கேட்டில் அவள் கொடுத்தது உங்கள் போன் நம்பர். அதைத்தான் இப்போது அவள் வைத்திருக்கிறாள். காவலாளி செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். உங்கள் படம் இருந்தது. கீழே இந்தியில் சோரி என்று இருந்தது. திருட்டு. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பாள், இந்தி நன்றாகவே வாசிப்பாள் உங்கள் பெண்.

வேறு நம்பர் கொடுத்துக்கூட அவள் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. "எங்கம்மா போட்டோவ அப்பிடி வெச்சிருக்கற எடத்துல நான் எப்பிடிக்கா வேல செய்யறது?" என்று என்னிடம் கேட்டாள். பள்ளிக்காரர்கள் இந்த மாத முடிவு வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொசைட்டி அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் டீ கொடுத்தார். புகார் கொடுத்தவர் எழுத்தில் வாபஸ் வாங்கினால் அடுத்த நிமிடமே எடுத்துவிடுகிறோம் என்றார். இரண்டு வரி போதும் என்றார்.

அதனால் இன்று பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்தபோது நான் காத்திருந்தேன். வெள்ளையன் நன்றாக இருக்கிறான் அக்கா. நாலு கிலோ. மேசையில் ஏற்றினால் என் கோட்டுப் பையை மோப்பம் பிடிக்கிறான். ரத்தம் எடுத்து முடித்தேன். மேம்சாப் அவனுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேம், முன்னாடி உங்க வீட்டுல இருந்த அக்கா இறந்துட்டாங்க."

அவர் நிமிர்ந்தார். "ஐயோ. எப்போ?"

"போன மழையில. டெங்கு."

"ஸோ ஸாட்" என்றார். அது பொய்யில்லை. அவர் முகம் உண்மையாகவே வாடியது. உங்களுக்கு ஒரு மகள் இருந்தாளே என்று அவராகவே கேட்டார். அவளைப் பற்றிச் சொன்னேன். கேட்டில் நடந்ததைச் சொன்னேன். செயலாளர் கேட்ட இரண்டு வரியைச் சொன்னேன்.

"அது சொசைட்டி விஷயம், டாக்டர்."

"புகார் உங்களோடது."

கொஞ்ச நேரம் நாயின் காதுமுடியை நீவிக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார். "அவங்க எடுத்தது உண்மைதானே?"

"உண்மைதான், மேம். அந்தக் கோழியை இவன் தின்னிருந்தா இன்னிக்கு இந்த மேசைமேல இருக்க மாட்டான். அதுவும் உண்மைதான். எழுதினா ரெண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. இல்லன்னா அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க."

அவர் நாயைக் கீழே இறக்கிக் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். கொக்கி ஏற்கெனவே சரியாகத்தான் மாட்டியிருந்தது. மறுபடி ஒரு தடவை கழற்றி மாட்டினார். அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டார்.

நான் தேதி சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன்மேல் பேனாவை வைத்து, அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்பவே எழுதிக் கொடுங்க, மேம்."